பெரியப்பா பதில்கள்: தொட்டில் ஸ்பெஷல்

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் கொல்லிமலைக் கடிதங்கள். மிளகு விலை, வல்வில் ஓரி விழா, அடுத்த தேர்தல் எதுவும் இல்லை. எல்லாம் கைக்குழந்தை சமாச்சாரம். மலையில் குளிர் ஜாஸ்தி என்பது தெரியும், இவ்வளவா? மாமியார்களும் படிக்கும் பத்திரிகை என்பதால் யார் பெயரும் போடவில்லை.

கே: பையன் பிறந்து பத்து நாள் ஆகுது. என்னைப் பார்த்து முழிக்கிறானே தவிர அடையாளம் தெரிஞ்ச மாதிரியே இல்லை. எப்பதான் என்னைப் புரிஞ்சுக்குவான்? (தூக்கம் தொலைத்த அப்பா, செம்மேடு)

ப: உங்களைப் பார்க்கவே முடியவில்லை, அதற்குள் புரிந்துகொள்ள வேண்டுமாம். பிறந்த குழந்தைக்கு ஓரளவு தெளிவாகத் தெரிவது ஒரு சாண், மிஞ்சினால் ஒன்றரைச் சாண் தூரம். அதாவது 20 முதல் 30 செ.மீ. பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கிற தூரம். வாசப்படியில் நின்று 'டேய் ராஜா' என்றால் அவன் கண்ணுக்கு நீங்கள் ஒரு மங்கலான தூண். கிட்டே போங்கள். பல் தேய்த்துவிட்டு.

கே: குழந்தை என் மகள் குரலுக்குத்தான் திரும்புது. மாப்பிள்ளை கூப்பிட்டா கண்டுக்கறதே இல்லை. ஏதாவது தோஷமா? (அவருடைய மாமியார், அதே வீடு)

ப: பத்துப் பொருத்தமும் பார்த்தீர்கள், பதினோராவது பொருத்தமான காதை விட்டுவிட்டீர்கள். ஆறாம் மாதவாக்கில் வயிற்றுக்குள்ளேயே கேட்கத் தொடங்கிவிடுகிறது. அம்மாவின் குரல் வெளியிலிருந்தும் வரும், உடம்பு வழியாக உள்ளேயும் வரும்; ஸ்டீரியோ.

1980-இல் அமெரிக்காவில் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத சிசுக்களின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். ஒரு மாதிரி சப்பினால் அம்மாவின் குரல் கேட்கும். வேறு மாதிரி சப்பினால் வேறொரு பெண்ணின் குரல். அம்மா குரல் கேட்கிற மாதிரி சப்பத் தொடங்கின வாண்டுகள். மாப்பிள்ளை கடைசி மூன்று மாதமும் வயிற்றுப் பக்கம் பேசினாரா, ஐ.பி.எல். பார்த்தாரா?

கே: அழுகையிலும் தாய்மொழி உண்டாமே? (சங்கீதப் பைத்தியம், சேந்தமங்கலம்)

ப: உண்டு. 2009-இல் ஜெர்மனியின் கேத்லீன் வெர்ம்கே குழு பதிவு செய்து காட்டியது. பிரெஞ்சுச் சிசுவின் அழுகை கீழிருந்து மேலே ஏறுகிறது. ஜெர்மன் சிசுவின் அழுகை மேலிருந்து கீழே இறங்குகிறது. அந்தந்த மொழிப் பேச்சின் ஏற்ற இறக்கமும் அதே போக்குதான். ராத்திரி இரண்டு மணிக்கு மட்டும் எல்லா மொழியும் முகாரி.

கே: காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. நான், மனைவி, மச்சான் மூணு பேரும் வாந்தி. ஏழு மாசக் குழந்தை மட்டும் சிரிச்சுக்கிட்டே வந்துச்சு. எப்படி? (லாரி ஓட்டியும் தலைசுற்றியவர், நாமக்கல்)

ப: வாந்திக்குக் காரணம் வயிறு இல்லை, கருத்து வேறுபாடு. உள்காதில் இருக்கும் சமநிலைக் கருவி 'திரும்புகிறோம், திரும்புகிறோம்' என்கிறது. முன்சீட்டின் முதுகையே பார்க்கும் கண் 'அசையவே இல்லையே' என்கிறது. மூளை குழம்பிப்போய்ச் சாப்பிட்டதைத் திருப்பி அனுப்புகிறது.

இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இந்தத் தொல்லை அபூர்வம். உலகம் இப்படித்தான் அசைய வேண்டும் என்ற பிடிவாதம் அவர்கள் மூளையில் இன்னும் ஏறவில்லை என்பது ஒரு விளக்கம். இரண்டு வயதுக்குப் பிறகு ஆரம்பித்துப் பன்னிரண்டுவரை அதுதான் உச்சம். இரண்டு முடிவதற்குள் இன்னொரு தடவை கூட்டிவந்துவிடுங்கள்.

கே: பிறந்த பிள்ளை நாக்குல மலைத்தேன் தொட்டு வெச்சா புத்தி தெளியும்னு எங்க வழக்கம். சரிதானே? (பாட்டி, சேளூர் நாடு)

ப: தேன் அசல், வழக்கம்தான் வில்லங்கம். ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டுகூடக் கூடாது பாட்டி. கிளாஸ்டிரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்து தேனில் இருக்கக்கூடும். உங்கள் குடலில் அதன் பாச்சா பலிக்காது; சிசுவின் குடலில் முளைத்து, நஞ்சைக் கக்கி, தசைகளைத் தளர்த்திவிடும்.

இனிப்பை அறிமுகப்படுத்த வேண்டிய அவசியமும் இல்லை. பிறக்கும்போதே இனிப்புக்கு முகம் மலரும், கசப்புக்குச் சுளிக்கும். புத்தி தெளிந்தே ஆக வேண்டும் என்றால் தேனை வீட்டுப் பெரியவர்கள் சாப்பிடலாம்.

கே: மனைவி மாசமா இருக்கா. சாமைச் சோறும் மிளகு ரசமும்தான் இறங்குது. பிள்ளைக்கும் அதே ருசி வருமா? (வருங்கால அப்பா, அரியூர் நாடு)

ப: வர வாய்ப்பு இருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் ஜூலி மென்னெல்லா 2001-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். கடைசி மூன்று மாதம் கேரட் சாறு குடித்த தாய்மாரின் குழந்தைகள், பிறகு கேரட் கலந்த கூழைக் கொடுத்தபோது முகம் சுளித்தது குறைவு. சாப்பாட்டின் வாசம் பனிக்குட நீருக்குள்ளும் போகிறது. ஆக, சாமையும் மிளகும் வீண்போகாது. ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் வாங்கி வருகிற பரோட்டா சால்னாவும் வீண்போகாது.

கே: பேரனுக்குப் பதினோரு மாசம். கூழ்க் கிண்ணம், கரண்டி, தட்டு எல்லாத்தையும் கீழே தள்றான். எடுத்துக் குடுத்தா திரும்பத் தள்றான். கொழுப்புதானே? (இடுப்பு வலித்த தாத்தா, தின்னனூர் நாடு)

ப: ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தை வீழ்த்தினான், புறநானூறு பாடியது, செம்மேட்டில் சிலையும் வைத்தோம். பேரன் மூன்றோடு நிற்கிறான், அவனுக்கு மட்டும் கொழுப்பா?

ஸ்விட்சர்லாந்தில் ழான் பியாஜே என்ற மேதை, தன் மூன்று பிள்ளைகளையே உட்காரவைத்து நோட்டுப் போட்டவர். மகன் லோரான் பத்து மாதத்தில் ஒரு பொம்மை அன்னத்தைக் கையை நீட்டிப் போட்டான், மடக்கிப் போட்டான், தலைக்கு மேலிருந்து போட்டான். விழும் என்பது தெரிந்துவிட்டது. எப்படிப் போட்டால் எங்கே விழும் என்பதுதான் ஆராய்ச்சி. அப்பா அத்தனையையும் எழுதிவைத்தார். அடிக்கவில்லை.

நீங்கள் குனிந்து எடுத்துக் கொடுப்பதும் அந்த ஆராய்ச்சியில் சேர்த்தி. தாத்தாவின் இடுப்பு எத்தனை முறை வளையும் என்பது இன்னும் முடிவாகவில்லை.

கே: பொம்மையைத் துணியால மூடினா குழந்தை அதை மறந்தே போயிடுது. கண்ணுக்குத் தெரியலைன்னா பொருளே இல்லைன்னு நினைக்குதா? (சந்தேகக்காரி, வளவந்தி நாடு)

ப: அதே பியாஜே அப்படித்தான் சொன்னார். எட்டு மாதத்துக்கு முன்னால் மறைந்தது மறைந்ததுதான், தேடாது என்று. தேடாது என்பது நிஜம். தெரியாது என்பதில்தான் சண்டை.

கைக்குத் தேடத் தெரியாமல் இருக்கலாம். கண்ணைக் கேட்போம் என்று 1985-இல் ரெனே பைலார்ஜான், எலிசபெத் ஸ்பெல்கி கோஷ்டி கிளம்பியது. குழந்தைக்கு அலுத்தால் பார்வையைத் திருப்பும். அதிசயித்தால் முறைத்துப் பார்க்கும். ஐந்து மாதக் குழந்தையின் கண்முன் ஒரு பெட்டியை வைத்தார்கள். அதற்கு முன்னால் ஒரு பலகை எழுந்து, பெட்டியை மறைத்து, பின்பக்கமாகச் சாய்கிறது. நியாயமாகப் பெட்டியில் இடித்து நிற்க வேண்டும். திருட்டுத்தனமாகப் பெட்டியை எடுத்துவிட்டு, பலகையை முழுசாகப் படுக்கவைத்தார்கள். குழந்தைகள் வெகுநேரம் பார்த்தன. 'யோவ், உள்ளே பெட்டி இருந்ததே, எங்கே?'

கணக்கில் காட்டிய கட்டடம் இடத்தில் இல்லாதபோது ஆடிட்டர்கள் இவ்வளவு நேரம் பார்ப்பதில்லை.

கே: மாயாஜாலம் காட்டினா கைக்குழந்தைக்குப் புரியுமா? (மேஜிக் பழகுபவர், பேளுக்குறிச்சி)

ப: புரிவது மட்டுமில்லை, உங்கள் பொருளைப் பிடுங்கிச் சோதிக்கும். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஸ்டால், ஃபைகன்சன் இருவரும் 2015-இல் பதினோரு மாதக் குழந்தைகளுக்கு வித்தை காட்டினார்கள். ஒரு பொம்மை சுவருக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. இன்னொன்று விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் நின்றது. பிறகு பொம்மையைக் கையில் கொடுத்தார்கள்.

சுவரைத் துளைத்ததைப் பார்த்தவர்கள் அதை டொக் டொக் என்று தட்டிப் பார்த்தார்கள். அந்தரத்தில் நின்றதைப் பார்த்தவர்கள் கீழே போட்டுப் பார்த்தார்கள். நம்ப முடியாத ஒன்றைப் பார்த்தால் குழந்தை சோதிக்கிறது. நாம் ஃபார்வர்ட் செய்கிறோம்.

கே: ஐந்து மாசக் குழந்தைக்குக் கூட்டல் தெரியுமாமே? (கணக்கு வாத்தியார், நாமக்கல்)

ப: கேரன் வின் 1992-இல் சொன்னார். ஒரு மிக்கி மவுஸ் பொம்மையைத் திரைக்குப் பின்னால் வைத்து, இன்னொன்றையும் சேர்த்து, திரையை இறக்கினால் ஒன்றே ஒன்று நிற்கும். குழந்தைகள் அதையே அதிகம் முறைத்தன. அது கூட்டலா, வெறும் 'என்னமோ குறையுதே'வா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் பூஜ்யம் என்பதைத் தேர்தல் கூட்டணி பார்த்த பிறகுதான் கற்கும்.

கே: சீக்குப்பாறை காட்சிமுனைக்குப் போயிருந்தோம். விளிம்புகிட்ட இறக்கிவிட்டா என் பையன் தானா நிப்பானா, தவழ்ந்து போயிடுவானா? (பயந்த அம்மா, இராசிபுரம்)

ப: முதலில் தூக்கிக்கொள்ளுங்கள். மிச்சத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே படிக்கலாம்.

1960-இல் எலினோர் கிப்சன், ரிச்சர்ட் வாக் இருவரும் ஒரு மேசைமேல் கண்ணாடி போட்டார்கள். பாதிக்குக் கட்டம்போட்ட துணி கண்ணாடியை ஒட்டியே. மறுபாதிக்கு அதே துணி ஆழத்தில், தரையில். பார்வைக்குப் பள்ளம், தொட்டால் கெட்டித் தரை. ஆறு முதல் பதினான்கு மாதம்வரையான 36 பேர். நகர்ந்தவர்கள் 27 பேர். அம்மா கூப்பிட்டும் பள்ளப் பக்கம் துணிந்தவர்கள் மூன்றே பேர்.

உடனே நிம்மதி வேண்டாம். நியூயார்க்கின் கேரன் அடால்ஃப் கண்டது வேறு. தவழ்ந்து பழகி விளிம்பில் நிற்கக் கற்ற அதே குழந்தை, புதிதாக நடக்கத் தொடங்கியதும் அந்தப் பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்கிறது. நேற்று நின்ற இடத்தில் இன்று கம்பீரமாகக் கால் வைத்துவிடும்.

எனக்குப் பிடித்தது 1985-இல் வந்த இன்னொரு சோதனை. பள்ளத்தை அரைகுறையாக ஆக்கினார்கள். போகலாமா, வேண்டாமா என்று குழம்புகிற அளவு. ஒரு வயதுக் குழந்தை எட்டிப் பார்த்தது, நிமிர்ந்து அம்மா முகத்தைப் பார்த்தது. அம்மா சிரித்த முகம் காட்டியபோது 19 பேரில் 14 பேர் கடந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது ஒருவர்கூட நகரவில்லை. அம்மா முகத்தைப் படிக்க ஒரு வருஷம் போதும். அப்பாக்களில் பலருக்கு வெள்ளி விழா தாண்டியும் அந்தப் பாடத்தில் அரியர்.

கே: நடை பழகுறப்ப எத்தனை தடவைதான் விழும்? (மண்டை உடையுமோ என அஞ்சும் அத்தை, குண்டூர் நாடு)

ப: அதே அடால்ஃப் எண்ணியே வைத்திருக்கிறார்: சராசரியாக மணிக்கு 2,368 அடிகள், 17 விழுதல். பதினேழு முறையும் எழுந்திருக்கிறதே, அதைக் கவனிக்கவும். அத்தை விழுந்திருந்தால் விடுப்பு எடுத்திருப்பார்.

கே: எங்க மலையின் கொல்லிப்பாவை பற்றி உங்க விஞ்ஞானம் என்ன சொல்லுது? (பெருமைக்காரர், வளப்பூர் நாடு)

ப: சங்கப் புலவர்களே மயங்கிய பாவை, சிரித்தே எதிரியைக் கொல்லும் என்பது கதை. கைக்குழந்தை விஷயம் நேர்மாறு. அதைக் கொல்வது சிரிக்காத பாவை.

அமெரிக்காவில் எட்வர்ட் ட்ரானிக் எழுபதுகளில் ஒரு சோதனை செய்தார். அம்மா கொஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். திடீரென்று முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு சும்மா பார்க்க வேண்டும். இரண்டே நிமிடம். குழந்தை முதலில் சிரித்துக் காட்டும். கையை நீட்டும். ஒரு கத்துக் கத்தும். பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கடைசியில் உடைந்து அழும். அடி இல்லை, திட்டு இல்லை. பதில் வரவில்லை, அவ்வளவுதான்.

ட்ரானிக் அம்மாக்களிடம் அனுமதி வாங்கி நடத்தினார். இப்போது செல்போன் வீட்டுக்கு வீடு அனுமதியில்லாமல் நடத்துகிறது.

கே: எங்க ஊர்ல டவரே எடுக்காது. டவுன் பிள்ளைங்க ஒரு வயசுலயே யூடியூப் பார்த்து ஆங்கிலப் பாட்டுப் படிக்குதாம். எங்க பிள்ளை பின்தங்கிடுமா? (கவலைப்படும் தாய், தேவனூர் நாடு)

ப: தாயே, டவர் வராதவரை உங்கள் பிள்ளை முன்னணியில்.

சியாட்டிலில் பேட்ரிஷியா கூல் 2003-இல் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழி காட்டினார். ஒரு கூட்டத்துக்கு நேரில் ஆளே வந்து விளையாடிப் பேசினார், 12 அமர்வு. அவர்கள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தார்கள். இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆள், அதே பேச்சு, ஆனால் திரையில். தேறியது பூஜ்யம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதும் அதுவே: ஒரு வயதுக்குள் திரையே வேண்டாம்.

சில்வர் ஓக் மரத்தில் தூளி கட்டி, மிளகு பறித்துக்கொண்டே நீங்கள் நாத்தனாரோடு வம்பு பேசுகிறீர்களே, அது முதல் தர வகுப்பு. பாடத்திட்டத்தை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். பின்னால் சபையில் ஒப்பிக்கும்.

கே: மொசார்ட் இசை கேட்டா குழந்தைக்கு மூளை வளருமாமே? (இளையராஜா ரசிகர், சோளக்காடு)

ப: 1993-இல் ஆய்வு நடந்தது கல்லூரி மாணவர்களிடம், கிடைத்த பலனும் சில நிமிடங்களில் ஆவியானது. 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் பிறக்கும் பிள்ளைக்கெல்லாம் இசைத் தட்டு கொடுக்கக் கிளம்பிவிட்டார். இலவசத்தை நாம் கண்டுபிடித்தோம் என்று எவன் சொன்னான்? நீங்கள் ராஜாவையே போடுங்கள். குழந்தைக்கு ஆகாவிட்டாலும் உங்களுக்கு ஆகும்.

கே: பேத்தி அமெரிக்காவுல பிறந்திருக்கா. வீட்டுல ஆங்கிலம்தான். பின்னாடி நம்ம த, ட எல்லாம் நாக்குல திரும்புமா? (மலையிறங்காத தாத்தா, சோளக்காடு)

ப: நாக்குக்கு முன்னால் காது. கனடாவின் வான்கூவரில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-இல் நம்ம த, ட மாதிரியான இந்தி ஒலிகளை ஆங்கில வீட்டுக் குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஆறு, எட்டு மாதக் குழந்தைகள் அநாயாசமாகப் பிரித்தறிந்தன. பத்து, பன்னிரண்டு மாதத்தில் அந்த வித்தை போயே போச்சு. அவர்களின் அப்பா அம்மாவுக்கு அது எப்போதோ போனது.

ஆறு மாதம்வரை குழந்தை உலகக் குடிமகன். முதல் பிறந்தநாளுக்குள் ஒரு மொழிக்கு ரேஷன் கார்டு வாங்கிவிடுகிறது. ஆனாலும் கதவு அடைக்கப்படவில்லை, ஒருக்களித்துத்தான் இருக்கிறது. வாரம் ஒருமுறை வீடியோவில் 'சாப்பிட்டியா' கேட்டால் போதாது. பாட்டியை விமானத்தில் ஏற்றுங்கள்.

கே: முதல் வார்த்தையே 'அப்பா'ன்னு சொன்னான். மனைவி ஒத்துக்க மாட்டேங்கிறா. (நீதி கேட்பவர், செம்மேடு)

ப: உதட்டை மூடித் திறந்தால் ம, ப தானாக வரும். அதனால்தான் பல தேசங்களிலும் பெற்றோர் இந்த இரண்டு எழுத்தையும் தங்கள் பெயருக்குப் பட்டா போட்டுக்கொண்டார்கள். அவன் உங்களைக் கூப்பிட்டானா, வாயை மூடித் திறந்தானா என்பது வழக்கு.

சாட்சி வேண்டுமா? எம்.ஐ.டி.யின் டெப் ராய், வங்காளி வம்சாவளி, மகன் பிறந்ததும் வீடு முழுக்க 11 கேமரா, 14 மைக் வைத்தார். மூன்று வருஷம், 90,000 மணி நேர வீடியோ. 'காகா' என்ற ஒலி அரை வருஷமாகத் தேய்ந்து மாறி ஆங்கிலத்தின் 'வாட்டர்' ஆனதை முழுசாகக் கேட்கலாம். அதைவிட ருசி இது: பிள்ளை ஒரு சொல்லைப் பிடிக்கப் போகிற சமயத்தில், வீட்டுப் பெரியவர்கள் தங்களை அறியாமலே அந்தச் சொல் வரும் வாக்கியங்களைச் சுருக்கியிருந்தார்கள். அவன் சொல்லிய பிறகு மறுபடி நீட்டினார்கள்.

உங்கள் வீட்டில் கேமரா இல்லை. மனைவி சொன்னதே தீர்ப்பு.

கே: நாக்கை நீட்டினா பச்சைக் குழந்தையும் நாக்கை நீட்டுமா? (சும்மா இருப்பவர், காரவள்ளி)

ப: நீட்டும் என்று 1977-இல் மெல்ட்ஸாஃப், மூர். அப்படியொன்றும் காணோம் என்று 2016-இல் ஆஸ்திரேலியாவின் குழு, நூற்றுச் சொச்சம் குழந்தைகளைப் பார்த்துவிட்டு. நாற்பது வருஷமாகப் பேராசிரியர்கள் தொட்டில் முன் நாக்கை நீட்டியதுதான் மிச்சம்.

கே: நல்லவன், கெட்டவன் கைக்குழந்தைக்குத் தெரியுமா? (ஊர்ப் பெரியவர், அரியூர் நாடு)

ப: 2007-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஒரு மலை செய்தார்கள். கண் ஒட்டிய ஒரு மர வட்டம் ஏறப் பார்க்கிறது. ஒருத்தர் பின்னாலிருந்து தள்ளி ஏற்றிவிடுகிறார். இன்னொருத்தர் மேலிருந்து உருட்டிவிடுகிறார். யார் வேண்டும் என்றால், ஆறு மாதமும் பத்து மாதமும் பெரும்பாலும் ஏற்றிவிட்டவரையே எடுத்தன. உலகமே உச்சிமுகர்ந்தது.

அண்மையில் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளிடம் திருப்பிச் செய்தன. பாதிக்குப் பாதி. நல்லவருக்கும் கெட்டவருக்கும் சம வாக்கு. வாக்காளர் பட்டியலில் சேர்க்க வயது மட்டும்தான் பாக்கி.

கே: எட்டு மாசம்வரை யார்கிட்டயும் போவான். இப்ப வெளியூர் மாமாவைக் கண்டாலே அலறுறான். கண் பட்டுடுச்சா? (அக்கா, வளப்பூர் நாடு)

ப: அறிவு பட்டிருக்கிறது. தெரிந்த முகம் எது என்று பட்டியல் போட்டால்தானே தெரியாத முகத்துக்கு அலற முடியும்? எட்டு, ஒன்பது மாதத்தில் பல குழந்தைகளும் செய்வது. மாமா கைமாற்று கேட்க வருபவராக இருந்தால், பையன் உங்களைவிட உஷார்.

கே: கண்ணாடியில தன்னையே தெரிஞ்சுக்குமா? (அலங்காரப் பிரியை, நாமக்கல்)

ப: வெள்ளைக்காரர்கள் மூக்கில் ரகசியமாக ஒரு சிவப்புப் பொட்டு வைத்துக் கண்ணாடி முன் நிறுத்துவார்கள். ஒன்றரை வயதுவாக்கில் தன் மூக்கைத் தடவினால் பாஸ். கென்யக் கிராமங்களில் அதைவிடப் பெரிய பிள்ளைகளும் பொட்டைத் தொடாமல் வெறுமனே நின்றார்கள். தன்னைத் தெரியாமல் இல்லை. பெரியவர் வைத்ததை எதற்கு அழிப்பானேன் என்றிருக்கலாம். தினம் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு வளரும் நம்ம பிள்ளையிடம் இந்தப் பரீட்சை எடுத்தால் பரீட்சைதான் ஃபெயில்.

கே: களத்துல மிளகு காயப் போட்டிருந்தேன். ஒன்பது மாசப் பொண்ணு ஒத்தை மிளகைக் குறிபார்த்து எடுத்து வாயில போட்டுட்டா. முந்தியெல்லாம் கைநிறைய அள்ளத்தான் தெரியும். (மிளகுக்காரர், தேவனூர் நாடு)

ப: வாழ்த்துகள், வயிறு கலங்குகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து நுனியால் கிள்ளி எடுப்பது ஒன்பது, பத்து மாதத்தில் வருகிற பெரிய வித்தை. வாய்தான் அந்த வயதின் பரிசோதனைக் கூடம். உருண்டையா, காரமா, கடினமா எல்லாம் அங்கேதான் தெரியும்.

ஆனால் மூச்சுக்குழல் குறுகலானது. மிளகு, நிலக்கடலை, புளியங்கொட்டை எதுவும் கைக்கெட்டும் தூரத்தில் கூடாது. களத்தை மேலே மாற்றுங்கள். மிளகு விலைக்கு அது உங்களுக்கும் நல்லது.

கே: எடை, உயரம் பார்க்கிறோம், சத்துமாவு கொடுக்கிறோம். அறிவு வளர்ச்சியை எப்படிப் பார்ப்பது? (அங்கன்வாடிப் பணியாளர், கொல்லிமலை)

ப: இந்தக் கேள்விக்குக் கிண்டல் கிடையாது, சலாம். இரண்டு மாதம்வாக்கில் முகம் பார்த்துச் சிரிக்கிறதா? ஒரு வயதில் பேர் சொன்னால் திரும்புகிறதா? ஒன்றே கால் வயதுக்குள் விரல் நீட்டி 'அதைப் பார்' என்று காட்டுகிறதா? கற்ற சொல்லை, கற்ற சிரிப்பை இழக்கிறதா? சந்தேகம் வந்தால், 2013-இல் வந்த தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு தடவை அங்கன்வாடிக்கு வரும். அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். 'அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்' என்று சொல்லும் பாட்டியை மட்டும் மரியாதையாக உட்காரவையுங்கள்.

கே: குழந்தை பிறக்கும்போது வெள்ளைத் தாளா, எழுதின தாளா? (தத்துவம் பேசுபவர், சேந்தமங்கலம்)

ப: வெள்ளைத் தாள் என்றவர் ஜான் லாக். 1688-இல் அயர்லாந்தின் வில்லியம் மாலினோ அவருக்கொரு புதிர் எழுதி அனுப்பினார். பிறவிக் குருடர், தொட்டுத் தொட்டே உருண்டையையும் கனசதுரத்தையும் அறிந்தவர். திடீரென்று பார்வை வந்தால், தொடாமல் எது எது என்று சொல்வாரா? லாக் சொன்னார்: மாட்டார். முந்நூறு வருஷம் வெறும் வாய்ச் சண்டை.

விடை டெல்லியில் கிடைத்தது. எம்.ஐ.டி.யின் பவன் சின்ஹா, டெல்லிக்காரர், பிரகாஷ் என்ற திட்டம் தொடங்கினார். பிறவியிலேயே கண்புரையால் பார்வை இழந்து, சிகிச்சைக்கு வழியில்லாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு இலவச அறுவை சிகிச்சை. எட்டு முதல் பதினேழு வயதுவரையான ஐந்து பேரிடம் கட்டு அவிழ்த்ததுமே சோதித்தார்கள். 2011-இல் முடிவு வெளியானது. கையால் தொட்ட கட்டையைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியவில்லை. லாக் ஜெயித்தார்.

சில நாள்தான். மறுபடி சோதித்தபோது கண்டுபிடித்தார்கள். கைக்கும் கண்ணுக்கும் அவ்வளவு சீக்கிரம் சம்பந்தம் பேசி முடித்தது யார்? வெள்ளைத் தாளுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. இன்னொன்று: அவர்களுக்கு அசையாத படத்தில் நிழல் எது, பொருள் எது என்று எல்லாம் துண்டு துண்டாகத் தெரிந்தது. பொருள் அசைந்ததும் துண்டுகள் சேர்ந்து ஒன்றாயின. கொல்லிமலைக் காற்றில் பலா இலையைப் பார்த்துத் தூளிக்குள் கிடக்கிறதே ஒன்று, அது வேலை இல்லாமல் கிடக்கவில்லை.

கே: இதெல்லாம் நம்ம முன்னோருக்கு அன்றே தெரியும்தானே? (தமிழன்டா, பேளுக்குறிச்சி)

ப: 'எல்லாம் தெரியும்' என்றால் விசில் அடிப்பீர்கள், சொல்ல மாட்டேன். ஆனால் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். கிடைத்த பிள்ளைத்தமிழ் நூல்களில் பழையது பன்னிரண்டாம் நூற்றாண்டு ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ். பாட்டியல் நூல்கள் மூன்றாம் மாதத்திலிருந்து ஒற்றைப்படை மாதமாகப் பருவம் பிரிக்கின்றன. ஐந்தில் செங்கீரை: தலை நிமிர்த்தி, ஒரு கால் மடக்கி, ஒரு கால் நீட்டி ஆடுவது. ஒன்பதில் சப்பாணி: கை கொட்டுவது. இன்றைய டாக்டர் அட்டையிலும் ஏறக்குறைய அதே மாதங்கள்.

அம்புலிப் பருவம் இன்னும் விசேஷம். நீ ஒன்றைக் காட்ட, நான் அதைப் பார்க்க, இருவரும் பார்க்கிறோம் என்று இருவருக்கும் தெரிவது. மொழிக்கே அதுதான் வாசல் என்கிறார்கள் இன்றைய உளவியலார். நம்ம புலவர்கள் நிலாவைக் காட்டி 'இவனோடு விளையாட வா' என்று சாம, பேத, தான, தண்டம் நான்கையும் நிலாவிடம் பிரயோகித்தார்கள். இன்றுவரை சோறு ஊட்டுவதும் அந்த நான்கில்தான் ஓடுகிறது. வேலை செய்வது தானம் ஒன்றே.

கே: பெரியப்பா, எனக்குக் காது குத்தினது அப்படியே நினைவிருக்கு. மாமா மடி, ஆசாரி மீசை, அரப்பளீஸ்வரர் கோயில் மணி எல்லாம். அப்ப பதினோரு மாசம்தான்னு அம்மா சொல்றாங்க. நம்பலாமா? (ஞாபகசாலி, செம்மேடு)

ப: நினைவை நம்புங்கள், உங்களுடையது என்பதை நம்பாதீர்கள். பெரியவர்களைக் கேட்டால் முதல் நினைவு சராசரியாக மூன்று, மூன்றரை வயதில்தான் தொடங்குகிறது. மீசையும் மணியும் போட்டோ ஆல்பமும் அம்மாவும் சேர்ந்து எழுதியவை.

அதற்காகக் கைக்குழந்தைக்கு ஞாபகமே கிடையாது என்றும் இல்லை. கரோலின் ரோவி-கோலியர் குழந்தையின் காலில் ஒரு ரிப்பனைக் கட்டி, மறுமுனையைத் தொட்டிலுக்கு மேல் ஆடும் பொம்மையில் கட்டினார். உதைத்தால் ஆடும். இரண்டு மாதக் குழந்தை அதை ஓரிரு நாள் நினைவில் வைத்திருந்தது. மூன்று மாதம் ஒரு வாரம். ஆறு மாதம் இரண்டு வாரம். சேமிப்பு நடக்கிறது, பாஸ்புக் மட்டும் தொலைந்துவிடுகிறது.

காது குத்தியதில் கெட்டியான நினைவு ஒன்று உண்டு. மாமா அன்று சீராக எவ்வளவு வைத்தார் என்று உங்கள் அம்மாவைக் கேட்டுப் பாருங்கள்.